பரதேசி தங்கிய வீடுகள்

சங்குமுனை மீனவர் சங்கத்தின் கணினி ஊருக்குள் இறங்கி வீடு வீடாகத் தங்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உப்புக்காற்றில் அரித்துப்போயிருந்த இரும்புப் பெட்டி ஒரே ஒரு பொறியோடு கருகி அணைந்த கால்மணி நேரத்துக்குள். கருகியது வெளிப்பெட்டி மட்டும்தான். அதற்குள் இன்னொரு கணினி குடியிருந்தது. மெய்நிகர் கணினி என்று அதைப் பொருத்தியவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கென்று தனியாக முகமோ உடம்போ கிடையாது. பெரிய கணினியின் ஒரு மூலையில் ஒண்டிக்குடித்தனம் இருந்துகொண்டு, புதிய கணினிகள் எதுவும் ஏற்க மறுத்த பழைய மென்பொருள் ஒன்றை ஓயாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போன படகுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டுவதும், படகுகளில் இருக்கும் கறுப்புப் பெட்டிகளுக்குச் சேதி அனுப்பித் திரும்பி வரச்சொல்வதும் அந்த மென்பொருளால் மட்டுமே முடியும். குடியிருந்த வீடு எரிந்தால் யாராக இருந்தாலும் வெளியே வந்துதானே ஆகவேண்டும். அதுவும் வந்தது.

முதலில் அது போய்த் தங்கிய இடம் பழனிவேலின் சலூன் கண்ணாடி. பாதி முகம் மழித்திருந்த வாடிக்கையாளரின் பிம்பம் மறைந்து, நீலப் பரப்பில் வெள்ளை எழுத்துகள் வந்தன: 'புதுப்பிக்கப்படுகிறது, முப்பது சதவீதம், அணைக்க வேண்டாம்.' பழனிவேல் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கத்தியை மடக்கினான். "அணைக்க வேண்டாம்னு போட்டிருக்கு அண்ணாச்சி. அப்படியே இருங்க." அண்ணாச்சியும் கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து வெடிக்க, நூறு சதவீதம் ஆன மதியம் ஒரு மணிவரை அசையாமல் இருந்தார்.

சங்கத்தில் கணினி பார்க்கும் அமலோற்பவத்துக்குச் சேதி போனது. ஊரில் அவளை அமலி என்பார்கள். முப்பத்திரண்டு வயது; கடலில் மீன் இருக்கும் மாதங்களில் நாற்காலியில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார முடியாதவள். ஏனென்றால் அந்தக் கணினித் திரையில் நகரும் பதினோரு புள்ளிகளில் ஒன்று அவள் கணவன் இன்னாசியின் படகு. கைபேசிக்கு எட்டாத தூரத்தில் ஐந்து நாள், ஆறு நாள் என்று சூரைமீன் தேடி அலையும் அந்தப் புள்ளியை அவள் ஒரு நாளைக்கு முப்பது தரம் எழுந்து வந்து பார்ப்பாள், பார்த்துவிட்டு வாசல்வரை போவாள், வாசலிலிருந்து மறுபடி பார்க்க வருவாள்.

கீபோர்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு சலூனுக்கு ஓடியவள், அதன் வயரைக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்தாள். ஒட்டிக்கொண்டது. புள்ளிகளும் தெரிந்தன. ஆனால் மறுநாள் காலை கண்ணாடியில் கணினி இல்லை. அது இட்லிக்கடை பாத்திமுத்துவின் இட்லிச்சட்டிக்குப் போயிருந்தது. அடுத்த நாள் ஐஸ் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி, அதற்கடுத்த நாள் மாதா கோவில் மணி. உடம்பில்லாததற்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அமலியும் கீபோர்டோடு அதன் பின்னால் அலைந்தாள். தொட்டிக்குள் எட்டிப்பார்த்துத் தட்டச்சு செய்தாள், மணிக்கூண்டில் ஏறி ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்தாள். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சில நாள் மத்தியானம் ஆகிவிடும். அந்த அரைநாளும் இன்னாசியின் படகு அவளுக்குக் கடலில் இல்லாததாகவே இருக்கும்.

புது இரும்புப் பெட்டி வர நாற்பது நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை, அது எங்கே தங்கினாலும் சங்க அலுவலகத்து மேசையிலிருந்தே அதற்குள் போய்வர வழி செய்துவிட வேண்டும் என்று அமலி தீர்மானித்தாள். ரிமோட் டெஸ்க்டாப் என்று அதற்குப் பெயர். பயிற்சி வகுப்பில் ஒரு பிற்பகல் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அவள் அதைப் பொறுமையாகச் செய்தாள். கணினி மறுபடியும் சலூன் கண்ணாடிக்கு வந்த ஒரு நாள், பழனிவேலின் முக்காலியில் உட்கார்ந்து, முதலில் தொலைவிலிருந்து வருபவரை அனுமதிக்கும்படி அதனிடம் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்தாள். பிறகு வரக்கூடியவர்களின் பட்டியலில் சங்கத்தின் பெயரைச் சேர்த்தாள். வீட்டுக்கு வீடு அதன் முகவரி மாறிக்கொண்டே இருந்ததால், முகவரியை நம்பாமல் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று அதற்கு ஒரு பெயர் வைத்தாள்: பரதேசி. கடைசியாக, உள்ளே வரும் வழியை அடைத்திருந்த பாதுகாப்புச் சுவரில் ஒரு வாசலைத் திறந்தாள். அந்த வாசல் திறந்திருக்க வேண்டுமென்றால் அது தங்கும் வீட்டின் வாசலும் திறந்திருக்க வேண்டும் என்பது இரண்டே நாளில் தெரிந்தது. தெருக்கதவைச் சாத்திய வீட்டுக்குள் பரதேசி இருந்தால் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. ஆகவே சங்குமுனையில் பகலெல்லாம் கதவைத் திறந்தே வைத்தார்கள். கோழிகள் வீட்டுக்கு வீடு போய்வந்தன, யார் வீட்டு முட்டை யாருடையது என்பதில் கொஞ்சம் சச்சரவு வந்தது, மற்றபடி யாரும் குறை சொல்லவில்லை.

எல்லாம் செய்து முடித்து மேசைக்கு வந்து, பரதேசி என்று தட்டி, உள்ளே போக முயன்றால் அது மறுத்தது. கடவுச்சொல் இல்லாத பெயரைத் தொலைவிலிருந்து உள்ளே விட முடியாது என்றது.

கடவுச்சொல் இல்லாததற்குக் காரணம் இருந்தது. சங்குமுனைக் கடற்கரையில் நிற்கும் எந்தப் படகுக்கும் பூட்டு கிடையாது. ஆபத்தென்றால் யாருடைய படகையும் யாரும் தள்ளிக்கொண்டு போகலாம், சாவி எஞ்சினிலேயே இருக்கும். அந்த ஊர் வழக்கப்படி சங்கத்துக் கணினிக்கும் பூட்டு போடாமல் விட்டிருந்தார்கள். அதை மாற்றுவதென்றால் கூட்டம் கூட்டித்தான் மாற்ற வேண்டும். கூட்டினார்கள்.

"நம்ம ஆளுகளுக்கு நடுவுல பூட்டு எதுக்கும்மா?" என்று கேட்டார் சங்கத் தலைவர் கஸ்பார்.

"பூட்டு இல்லைன்னா தூரத்துல இருந்து வர்றவங்களை அது உள்ள விடமாட்டேங்குது தலைவரே. பக்கத்துல போய் உக்காந்தா விடுது."

"தூரத்துல இருந்து வேற யாரு வர்றா? நீதானே வர்ற."

"அது அதுக்குத் தெரியாதுல்ல."

"சொல்லிப் பாத்தியா?"

"சொல்ற இடத்துக்கே விடமாட்டேங்குதுன்னுதானே உங்ககிட்ட வந்து நிக்கேன்."

பாத்திமுத்து வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். "புதுசா தெருவுக்கு வந்தது, ஊரு பழக்கம் தெரியல, பயப்படுது. அது கேக்கிற பூட்டைப் போடுங்க. போட்டுட்டு சாவியை எல்லாருக்கும் குடுத்துருங்க. முடிஞ்சு போச்சு."

அப்படியே முடிவானது. ஊர்ப்பெயரும் பின்கோடும் சேர்த்து ஒரு கடவுச்சொல் அமைத்தார்கள். யாரும் மறந்துவிடக் கூடாதே என்று அதை அலுவலகத்தின் தெருப்பக்கச் சுவரில் ஓர் அடி உயர எழுத்தில் பச்சைப் பெயிண்டால் எழுதியும் வைத்தார்கள். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வகுப்பில் படித்திருந்த அமலிக்கு அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் உடம்பு கூசும். ஆனால் பரதேசி திருப்தியடைந்தது, கதவைத் திறந்தது.

அதன் பிறகு வேறொன்று தெரியவந்தது. மேசையிலிருந்து அவள் உள்ளே போனதும், அது தங்கியிருக்கும் பொருள் பூட்டிக்கொள்ளும். கண்ணாடியில் இருந்தால் முகம் தெரியாது. கோவில் மணியில் இருந்தால் நாக்கு அசையாது. இட்லிச்சட்டியில் இருந்த அன்று, அமலி வேலையை முடித்துவிட்டு மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்திச் சன்னலை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்; அது போதாது, முறையாக வெளியேறுகிறேன் என்று சொல்லி வெளியேற வேண்டும்; சொல்லாமல் வந்ததால் அவள் உள்ளேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு சட்டி மறுநாள் காலைவரை மூடியை விடவில்லை. உள்ளே வெந்த நாற்பது இட்லிகளும் ஒரே இட்லியாகிவிட்டிருந்தன. "வெளிய போறப்ப சொல்லிட்டுப் போறதுக்கு என்ன கேடு?" என்று பாத்திமுத்து அலுவலக வாசலில் நின்று கேட்டாள். அன்றிலிருந்து அமலி உள்ளே இருக்கும் நேரமெல்லாம் கூரையில் ஒரு சிவப்புத் துணி பறந்தது. துணி பறந்தால் பரதேசி தங்கிய வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் தங்கள் அடுப்பையோ கண்ணாடியையோ தண்ணீர்த் தொட்டியையோ தந்து உதவினார்கள்.

உள்ளே போகும்போது திரையின் பின்னணியில் ஒரு படம் வரும். அதை யாரும் வைத்ததில்லை. தங்கிய இடத்திலிருந்து அது தானாக எடுத்துக்கொண்ட படம். மணியில் இருந்தால் மேலிருந்து பார்த்த ஓட்டுக்கூரைகள், சட்டியில் இருந்தால் வெறும் ஆவி. அமலி படத்தைப் பார்க்க மாட்டாள். புள்ளியைத்தான் பார்ப்பாள்.

இருபத்தேழாம் நாள், ஒரு வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். தெற்கே உருவான காற்று நினைத்ததைவிட வேகமாகத் திரும்பிவிட்டது, சாயங்காலத்துக்குள் கரையேறும் என்றார்கள். பதினோரு படகுகளும் நான்கு நாளாகக் கடலில் இருந்தன. அமலி பரதேசியைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். தொடர்புகொள்ள முடியவில்லை என்று வந்தது. ஏதோ ஒரு வீட்டில் கதவு சாத்தியிருக்கிறது.

அவள் தெருத்தெருவாக ஓடினாள். காற்று மணலை வாரி இறைத்தது, கோழிகள் எல்லாம் உள்ளே பதுங்கியிருந்தன, திறந்த கதவுகள் எல்லாம் அடித்துக்கொண்டன, அவள் ஒவ்வொரு வாசலிலும் "இங்கயா?" என்று கேட்டாள், ஒவ்வொரு வாசலும் "இங்க இல்ல" என்றது; கண்ணாடியில் இல்லை, சட்டியில் இல்லை, தொட்டியில் இல்லை, மணியில் இல்லை. கடைசியில் ஊரிலேயே சாத்தியிருந்த ஒரே கதவின் முன்னால் போய் நின்றாள். அது தொபியாஸின் வீடு.

தொபியாஸும் இன்னாசியும் ஒன்பது வருடம் ஒரே படகில் தொழில் செய்தவர்கள். ஆறு வருடம் முன்பு ஒரு காற்றில், படகை அமுக்கப் பார்த்த வலையை இன்னாசி அறுத்து விட்டான். அறுத்திருக்க வேண்டியதில்லை என்றார் தொபியாஸ். இல்லாவிட்டால் இரண்டு பேரும் இருந்திருக்க மாட்டோம் என்றான் இன்னாசி. அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு அவர் கடலுக்கே போகவில்லை. கடலைப் பார்த்த வீட்டில் தனியாக இருந்தார். பேச்சு நின்ற வீட்டாரிடம் தவிர்க்க முடியாமல் ஏதாவது சொல்ல வேண்டிவந்தால் சங்குமுனையில் நேராகச் சொல்ல மாட்டார்கள். அருகில் இருக்கும் ஆட்டிடமோ குடத்திடமோ சொல்வார்கள். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமலி கதவைத் தள்ளினாள். அவர் மடியில் பூனையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கண்ணின் கருமணிக்குள் சின்னச்சின்ன வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"பூனையே, யாரோ வந்திருக்காங்க," என்றார்.

"பூனைகிட்டயே சொல்றேன்," என்றாள் அமலி, மூச்சு வாங்க. "அது இங்கதான் இருக்கு. எப்ப வந்துச்சுன்னு கேளு."

"விடியக்காலம் வந்துச்சு. மண்டைக்குள்ள ஃபேன் ஓடுற மாதிரி இருக்குன்னு சொல்லு."

"தெரிஞ்சும் கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்காரான்னு கேளு."

அவர் பூனையின் முதுகைத் தடவினார். "உள்ள போனா பூட்டிக்குமாமே. கண்ணாடிக்கு முகம் போச்சு, சட்டிக்கு மூடி போச்சு. மனுஷனுக்கு எது போகும்னு கேட்டுச் சொல்லு."

"தெரியலன்னு சொல்லு."

"மூச்சா இருந்தா?"

அமலி வாசலைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், மறுபடி பூனையைப் பார்த்தாள். அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. "பாத்திமுத்தக்கா பக்கத்துலயே இருப்பாங்க. என்னமும் ஒண்ணுன்னா இந்த வாசல்ல வந்து கையை ஆட்டட்டும், சங்கத்து வாசல்ல இருந்து தெரியும், அந்த நிமிஷமே வெளிய வந்துருவேன். சொல்லிட்டுத்தான் வருவேன்."

"அந்தப் படகுகள்ல யாரு இருக்கான்னு எனக்குத் தெரியும்னு சொல்லு."

ஓட்டுக்குள் காற்று புகுந்து விசிலடித்தது. தொபியாஸ் பூனையின் காதை மடக்கி மடக்கி விட்டார்.

"மத்த பத்து படகுலயும் ஆளு இருக்குன்னும் சொல்லு," என்றார் கடைசியில். "அந்தப் பத்துக்காகக் கதவு திறந்திருக்கும்."

"பத்துக்காகவே இருக்கட்டும்," என்றாள் அமலி.

அவர் எழுந்து தெருக்கதவை அகலத் திறந்து, அடியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். பிறகு வாசலில் நின்று கடலை இடமிருந்து வலம் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மனிதருக்குள் கணினி தங்கியதைப் பற்றி, அழைத்ததும் வந்த பாத்திமுத்து ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, "காப்பி குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அமலி அலுவலகத்துக்கு ஓடிவந்து சிவப்புத் துணியை ஏற்றினாள். பரதேசி என்று கூப்பிட்டாள். திறந்தது. அவள் எழுந்து வெளியே வந்து தொபியாஸின் வாசலைப் பார்த்தாள். பாத்திமுத்து கையை ஆட்டவில்லை, தன் இரண்டு கண்களையும் பொத்திக் காட்டினாள். பூட்டிக்கொண்டது பார்வைதான், மூச்சு அல்ல.

திரும்பி வந்தபோது திரையில் படம் வந்திருந்தது. அன்றைக்கு அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு படகின் முன்பக்கமான அணியம், மத்தியான வெயில், மீசை சரியாக முளைக்காத இன்னாசி தலையில் ஈரத்துண்டோடு எதற்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். பார்ப்பவர் கண் இருக்கும் உயரத்திலிருந்து எடுத்த படம்.

அந்தச் சிரிப்பின் மேலேயே வரைபடத்தைத் திறந்து, பதினோரு படகுகளுக்கும் சேதி அனுப்பினாள்: 'புயல். உடனே கரை திரும்பவும்.' சேதி கிடைத்த புள்ளி பச்சையாகும். ஒன்பது மணிக்குள் நான்கு பச்சையாயின, பத்துக்குள் ஏழு, பதினொன்றுக்குள் பத்து. பத்தும் மூக்கைத் திருப்பிக் கரைப்பக்கம் நகர்ந்தன. பதினோராவது சிவப்பாகவே நின்றது. அது இன்னாசியுடையது.

அவள் அனுப்பினாள், பதிலில்லை, அனுப்பினாள், பதிலில்லை. பத்து படகுக்காகத் திறந்த கதவு, பத்தும் திரும்பியாயிற்று. வெளியேறிவிட வேண்டியதுதான் நியாயம். அவள் வெளியேறவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், பாத்திமுத்துவைப் பார்த்து, இன்னும் ஒன்று என்று ஒரு விரலைக் காட்டினாள். பாத்திமுத்து குனிந்து உள்ளே ஏதோ சொல்வதும், கேட்டுவிட்டு நிமிர்வதும் தெரிந்தது. கைகளை விரித்து, இருக்கச் சொல்கிறார் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

மத்தியானம் ஆனது. கரண்ட் போய் பேட்டரியில் ஓடியது. அமலி கால்மணிக்கு ஒரு சேதி என்று அனுப்பிக்கொண்டிருந்தாள், உட்கார்ந்து ஒன்று, நின்று ஒன்று, மேசையைச் சுற்றி வந்து ஒன்று. இரண்டே முக்காலுக்கு அந்தச் சிவப்புப் புள்ளி திரையிலிருந்து மறைந்தது. கறுப்புப் பெட்டி நனைந்தாலும் மறையும். படகு முழுகினாலும் மறையும்.

மூன்றரை மணிக்குக் கடற்கரையில் கூச்சல் எழுந்தது. படகுகள் தெரிகின்றனவாம். தெருவே ஓடியது, கஸ்பார் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடினார், தம்பி போன படகைத் தேடிப் பாத்திமுத்துவும் ஓடினாள். அமலி கண்ணில் பட்டதை அழுத்திவிட்டு எழுந்து ஓடினாள். அலுவலகத்திலிருந்து கடல் தெரியாது, ஐஸ் கம்பெனிச் சுவர் மறைக்கும். சுவரைத் தாண்டிவிட்டால் எத்தனை என்று எண்ணிவிடலாம், அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துவிடும். சுவர் முடிய இருபது அடி இருக்கும்போது, சுவருக்கு அப்பால் தொபியாஸின் வாசல் கண்ணில் பட்டது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றிருந்தார். முகம் கூச்சல் வந்த பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. படிக்கட்டு எங்கே என்று ஒரு காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

அவள் அழுத்தியது பெருக்கல் குறியை.

இருபது அடிதான். பார்த்துவிட்டு வந்து செய்யலாம். பேட்டரி அதுவரை நிற்குமா என்பது தெரியாது. நிற்காவிட்டால் எப்போது திறக்கும் என்பதும் தெரியாது. அமலி சுவரின் முனையைப் பார்த்தாள். பிறகு கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வந்த வழியே ஓடினாள்.

மேசையில் பேட்டரி கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவள் பரதேசியைக் கூப்பிட்டாள். அவசரத்தில் விரல்கள் ஊர்ப்பெயரைத் தப்பாக அடித்தன, பின்கோடு மறந்துபோனது, சன்னல் வழியே எட்டிப் பார்த்துச் சுவரில் இருந்த பச்சை எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து அடித்தாள். திறந்தது. சிரிப்புப் படம் வந்தது. அவள் அதைப் பார்த்து, வெளியேறுகிறேன் என்று முறையாகச் சொன்னாள். வெளியேற்றுகிறேன் என்று அது பதில் சொல்லி, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு திரை கறுத்தது, பேட்டரியும் நின்றது.

அவள் எழுந்திருக்கவில்லை. சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார முடியாதவள் நாற்காலியிலேயே இருந்துவிட்டாள். வெளியே காற்றும் கூச்சலும் கலந்து, எது எதுவென்று பிரிக்க முடியாமல் இரைந்தன. அதற்கு மேலே, தொபியாஸ் வீட்டுப் படியிலிருந்து ஒரு குரல் எண்ணுவது கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அலை மறைப்பதற்கும் தெளிவதற்கும் காத்திருந்து நிதானமாக எண்ணியது. எட்டு. ஒன்பது. பத்து. பிறகு எண்ணவில்லை.

அமலி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ அமலி," என்று தொபியாஸ் கத்தினார், பூனையிடம் அல்ல. "உன் புருஷன் இன்னும் சுக்கான் பிடிக்கப் பழகலையா? பாரு, எல்லாருக்கும் பின்னால நண்டு மாதிரி பக்கவாட்டுலயே வர்றான்."